வெண்டியையும் பருத்தியையும் கெடுக்கும் வேர்முடிச்சு வட்டப்புழு

வன்னிப் பெருநிலப்பரப்பிலே பருத்தி இன்று பெரும் பயிரன்று. ஆயினும் பருத்தியின் வேரைக் கெடுக்கும் வட்டப்புழு எமது கமக்காரருக்கு அந்நியமானதன்று. பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்த வெண்டியையும், கத்தரி, தக்காளி, மிளகாய் முதலியவற்றையும் அது அவ்வாறே தாக்கும்.

நீரும் பசளையும் குறைவின்றிக் கிடைத்தும் செடிகள் திட்டுத்திட்டாக வளர்ச்சி குன்றி, நண்பகலில் வாடி, மாலையில் நிமிருமாயின், இலையைப் பார்த்துக் காரணந் தேடுதல் வீண். பலர் இவ்விடத்திலேதான் மேலும் ஒரு மூடை யூரியா வாங்கிப் பணத்தை இழக்கின்றனர். ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு கிளறி எடுத்து, வேரை நீரிற் கழுவிப் பார்த்தல் வேண்டும். இழுத்துப் பிடுங்கினால் நுண்வேர்கள் அறுந்து மண்ணிலே தங்கிவிடும். வேர் கரணை கரணையாக வீங்கியிருப்பின் இப்புழுவே காரணம். பயறு, கௌபி ஆகியவற்றின் வேரிலுள்ள நன்மை தரும் முடிச்சுகளோடு இதனை மயங்கலாகாது. அவை வேரின் பக்கத்தில் ஒட்டியிருப்பன. விரலால் உரச உதிரும். வட்டப்புழுவின் முடிச்சோ வேரே பருத்ததாகலின் உதிராது.

இளம்புழு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் நீளமானது. வேர்நுனியிற் புகுந்து ஓரிடத்திலேயே தங்கி உண்ணும். பெண்புழு பல நூறு முட்டைகளை இடும். எமது வெப்பத்தில் மூன்று நான்கு கிழமைகளில் ஒரு தலைமுறை முற்றுப்பெறும். மணற்பாங்கான மண் இதற்கு உகந்தது. புழு துளைத்த வேரில் வாடல் நோய்ப் பூஞ்சணமும் எளிதில் நுழையும். பருத்தியில் இவ்விரண்டின் தொடர்பை அற்கின்சன் என்பார் 1892 இல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து அறிவித்தார்.

புழு தானாக நெடுந்தூரஞ் செல்வதில்லை. நாற்றோடும் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும் நாமே கொண்டு செல்கின்றோம். ஆதலால் விலைக்கு வாங்கும் நாற்றுகளிற் சிலவற்றின் வேரைக் கழுவிப் பாராமல் நடலாகாது. புகுந்த நிலத்தினின்று இதனை முற்றாக நீக்குதல் அரிது. தொகையைக் குறைத்தலே இயலும்.

அறுவடை முடிந்ததும் வேர்களைக் கிண்டியெடுத்து எரித்துவிடுக. பழஞ்செடி நிற்கும் ஒவ்வொரு கிழமையும் முட்டை பெருகும். கச்சான் காற்று வீசும் உலர்ந்த மாதங்களில் இருமுறை ஆழ உழுது மண்ணை வெயிலிற் காயவிடுக. கத்தரிக்குப் பின் மிளகாய், மிளகாய்க்குப் பின் வெண்டி என மாற்றுதல் பயிர் மாற்றமாகாது. மூன்றும் புழுவுக்கு ஒரே உணவு. நிலக்கடலை செய்யலாம். நீர் கட்டக்கூடிய நிலமாயின் நெல்லே சிறந்தது. நடுவதற்கு இரு கிழமைக்கு முன் வேப்பம் பிண்ணாக்கை மண்ணிற் கலத்தலும் உதவும்.

முன்னாளில் இப்புழுவுக்கெனப் பெரிதும் வழங்கிய டிபிசிபி என்னும் நஞ்சு, அதனைத் தயாரித்த ஆலையில் வேலைசெய்த ஆண்களை மலடாக்கியமை 1977 இல் வெளிப்பட்டது. எனவே கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பி மண்ணுக்கு மருந்திடாது, ஐயமுள்ள வேரை மண்ணோடு பொலித்தீன் பையிலிட்டு, காயுமுன் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.