வீட்டுத் தின்பண்டத்திற்கு ஒரு மூட்டை நிலக்கடலை

விதை, எரு, கூலி, உழவு ஆகியவற்றிற்கு ஆகும் செலவைக் குடியானவர்கள் கணக்கிட்டு வைப்பது வழக்கம். ஆனால் குழந்தைகளின் கையில் தினந்தோறும் கொடுக்கப்படும் பத்து ரூபாயை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பெட்டிக்கடைப் பொட்டலத்திற்கும் மாலை வேளைப் பலகாரத்திற்கும் இவ்விதம் செல்லும் பணம் சிறு தொகையாகத் தோன்றினும், வருஷ முடிவில் அது ஓர் ஏக்கர் உழவுக்கூலியினும் அதிகமாகிவிடக்கூடும். தானியமும் பருப்பும் விளைவிக்கும் குடும்பம் தின்பண்டத்தை விலைக்கு வாங்குவது ஆலோசிக்க வேண்டிய விஷயமாகும்.

திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர் முதலிய ஜில்லாக்களில் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலை, மானாவாரி நிலங்களில் முக்கியமான பணப்பயிர். அறுவடையானதும் விதைக்கென்று ஒரு பங்கை நிறுத்திக்கொண்டு, மிகுதி முழுவதையும் வியாபாரிக்கு அளந்துவிடுவது பெரும்பாலோருடைய வழக்கம். சில மாதங்களுக்குப் பின் அதே கடலை உருண்டையாகவும் வறுகடலையாகவும் கடையிலிருந்து வீட்டிற்குத் திரும்பி வருகிறது. குவிண்டால் கணக்கில் விற்ற பொருளைக் கிராம் கணக்கில் வாங்குவதால் நேரும் நஷ்டம் இதுவே. விதைக்கு ஒதுக்குவதைப் போலவே தின்பண்டத்திற்கும் ஒரு மூட்டையை விற்பனைக்கு முன்னரே ஒதுக்கிவிட்டால் இந்நஷ்டம் நீங்கும்.

கணக்கு

2024-25ஆம் வருஷத்துக் காரீப் பருவத்திற்கு நிலக்கடலைக் காய்க்கு மத்திய அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 6,783 ரூபாய். அவ்விலைப்படி 40 கிலோ காய் கொண்ட ஒரு மூட்டையின் மதிப்பு 2,713 ரூபாய். நூற்றுக்கு 70 பங்கு பருப்புக் கிடைப்பதாகக் கொண்டால் 28 கிலோ பருப்பாகும். ஆளுக்கு 30 கிராம் வீதம் ஐந்து பேருக்கு இது 186 நாட்களுக்குப் போதும். ஒரு பங்கின் அடக்க விலை 3 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வெல்லம், விறகு முதலியவற்றிற்குப் பங்குக்கு இன்னும் 3 ரூபாய் சேர்த்தாலும், ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு 30 ரூபாய்க்கு மேல் ஆகாது. ஆளுக்குப் பத்து ரூபாய் வீதம் கடையில் செலவிடும் வீட்டில் அதே நாளுக்கு 50 ரூபாய் ஆகும். ஆகவே 186 நாட்களில் மிச்சப்படுவது 3,720 ரூபாய்.

பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எடையையும் கவனிக்க வேண்டும். பத்து ரூபாய்ப் பொட்டலத்தில் 25 கிராம் இருப்பின் அதன் விலை கிலோவுக்கு 400 ரூபாயாகிறது. மேற்கண்ட கடலைப் பருப்போ கிலோவுக்கு 97 ரூபாய்தான். சத்திலும் அது குறைந்ததன்று. பருப்பின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு புரதமாகும்.

நல்லதை முதலில் ஒதுக்குக

திரட்சியான காயைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, சொத்தையும் சூம்பலும் பூஞ்சணம் பிடித்ததுமான காயை வீட்டு உபயோகத்திற்கு வைத்துக்கொள்வது பல இடங்களில் காணப்படும் பழக்கம். இது சிக்கனமன்று, அபாயமாகும். 1960ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்கு, அவற்றின் தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்கே காரணமென்று கண்டறியப்பட்டது. பிண்ணாக்கில் வளர்ந்த ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கிய அந்நஞ்சு அஃப்ளாடாக்சின் எனப்படும். இது ஈரலைக் கெடுப்பது. நாளடைவில் ஈரலில் புற்றுநோயையும் விளைவிக்கக்கூடியது. வறுப்பதாலும் வேகவைப்பதாலும் இந்நஞ்சு முற்றிலும் அழிவதில்லை. பூஞ்சணக் காயை மாட்டுக்குப் போடுவதும் தகாது. நஞ்சின் ஒரு கூறு பாலில் இறங்கும். ஆகவே வீட்டு மூட்டைக்கு முதல்தரமான காயையே எடுத்தல் வேண்டும். மருந்து கலந்த விதைப்பருப்பில் மீந்ததை ஒருபோதும் உண்ணலாகாது.

உலர்த்துதலும் சேமித்தலும்

1. பறித்த காயைக் குவித்து வைக்காமல், சுத்தமான களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லியதாகப் பரப்பி உலர்த்துக. இரவில் பனி படாமல் மூடுக.

2. காயைக் குலுக்கினால் பருப்புக் கலகலவென்று ஒலிக்க வேண்டும். பருப்பைக் கட்டைவிரலால் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம்.

3. உடைபட்ட காயையும் பூஞ்சணம் கண்ட காயையும் பொறுக்கி எறிக.

4. உலர்ந்த புதுச் சாக்கில் கட்டி, சுவரில் படாமல் மரப்பலகையின் மேல் வைக்குக. காயாகவே வைத்திருந்து, வாரத்திற்கு வேண்டியதை மட்டும் உடைத்துக்கொள்க. உடைத்த பருப்பு விரைவில் காறல் வாடை பெறும்.

பக்குவம்

வாரத்திற்கு ஒருமுறை பருப்பை மணலிட்டு இரும்புச்சட்டியில் வறுத்து, ஆறியபின் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து வைத்தால், தினமும் அடுப்பு மூட்டும் சிரமமில்லை. உருண்டை செய்ய ஒரு கிலோ பருப்புக்கு அரை கிலோ வெல்லம் போதுமானது. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கெட்டியாக உருட்ட வரும் பதத்தில் பாகை இறக்கி, தோல் நீக்கிய பருப்பைக் கொட்டிச் சூட்டோடு பிடிக்க வேண்டும். ஒரே பண்டம் குழந்தைகளுக்குச் சலிக்குமாதலால், எள்ளுருண்டை, கேழ்வரகு அடை, சுண்டல் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளுமாதலால் பொடித்தே கொடுக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தேதிகளில் கூடும் கிராம சபைகள் மானாவாரிக் கடலை அறுவடையை ஒட்டி வருகின்றன. அச்சமயத்தில் மேற்கண்ட கணக்கைத் தங்கள் ஊர் விலைப்படி கரும்பலகையில் எழுதிக் காட்டுவதும், பூஞ்சணக் காயின் தீமையை எடுத்துச் சொல்வதும் பெரிதும் பயன்படும். வியாபாரியின் தராசு களத்திற்கு வருமுன் விதை மூட்டைக்குப் பக்கத்தில் வீட்டு மூட்டையும் கட்டி வைக்கப்படுமாயின், அவ்வருஷத்து விளைவின் பலனைக் குடும்பத்தார் பணமாக மட்டுமன்றி ஆகாரமாகவும் அடைவார்கள்.