‘கெட்’ என்னும் வினை

அன்புள்ள கயல்விழிக்கு,

‘கெட்’ ஆங்கிலத்துக்கு வெளியிலிருந்து வந்து குடியேறிய வினை. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடிய வைக்கிங்குகள், அடுத்த நூற்றாண்டில் கொள்ளையோடு நிற்காமல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் உழுது தங்கிவிட்டார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘கெட்டா’தான் இன்றைய கெட். ‘டேக்’, ‘தே’ ஆகியவையும் அதே வழியில் வந்தவை. பொருள்களின் பெயர்களை எந்த மொழியும் கடன் வாங்கும். ‘அவர்கள்’ என்பதையே கடன் வாங்குவது அபூர்வம். அந்த அளவுக்கு இரு மொழியினரும் கலந்து வாழ்ந்திருக்கிறார்கள்.

பழைய ஆங்கிலத்திலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு இருந்தது. ஆனால் அது தனித்து நிற்காது, முன்னொட்டோடுதான் வரும். ‘ஃபர்கெட்’ அப்படி வந்தது. அதன் நடு ஒலி அன்று யகரமாக இருந்தது. 14ஆம் நூற்றாண்டுச் சாசரின் எழுத்தில்கூட அது ‘ஃபொர்யெட்’தான். நார்ஸ் பேச்சின் தாக்கத்தால்தான் அங்கே ககர ஒலி நிலைத்தது. அடிவேரின் பொருள் பற்றுதல், பிடித்தல். அந்த வகையில் மறப்பது என்பது பிடி விட்டுப்போவது. அதே வேரிலிருந்து கிளைத்த லத்தீன் வினை ஒன்று, புரிந்துகொள்வதைக் குறிக்கும் ‘காம்ப்ரிஹெண்ட்’டையும் சிறையைக் குறிக்கும் ‘பிரிஸ’னையும் தந்திருக்கிறது.

பிடித்தது கைக்கு வரும். அதனால் ‘பெறுதல்’ முதற்பொருள். ஓர் இடத்தைப் பெறுவது அங்கே போய்ச் சேர்வது. ஒரு நிலையைப் பெறுவது அதுவாக ஆவது. களைப்படைவதற்கும் இருட்டுவதற்கும் கெட் வருவது இப்படித்தான். நோயைப் பிடித்தாலும் பேருந்தைப் பிடித்தாலும் கெட்தான். ‘பிகெட்’ என்றால் பிள்ளை பெறுதல். தமிழ் ‘பெறு’வும் பரிசுக்கும் பிள்ளைக்கும் பொதுவாக நிற்பதையும், ‘பெற்றோர்’ என்ற சொல் அதிலிருந்தே வந்ததையும் நினைத்தால் இதில் வியப்பு குறையும். கணக்கு ‘பிடிபடவில்லை’ என்பவருக்கு, புரிந்தது என்ற பொருளில் ‘ஐ காட் இட்’ வருவதும் அந்நியமாகத் தோன்றாது.

மாணவர் பெரிதும் தடுமாறுவது செயப்பாட்டுக் கெட்டில். அடிபட்டான், பிடிபட்டான் என்பதை ‘பி’ வினையாலும் சொல்லலாம், கெட்டாலும் சொல்லலாம். 17ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கு உண்டு. கெட் வரும்போது, நடந்தது அவன் தலையில் வந்து விடிந்தது என்ற சாயல் சேர்கிறது. சில வேளை அவனே தேடிக்கொண்டது என்றும் தொனிக்கும். ‘அடி வாங்கினான்’, ‘திட்டு வாங்கினான்’ என்று தமிழ் சொல்வதற்கும் இதற்கும் அதிகத் தொலைவு இல்லை. இலக்கண விதியைவிட இந்த ஒப்புமை விரைவாகக் கைகொடுக்கும்.

‘அப்’, ‘ஓவர்’, ‘பை’, ‘அலாங்’ போன்ற சிறுசொற்கள் சேரும்போது எழுதல், மீளுதல், சமாளித்தல், ஒத்துப்போதல் என்று பொருள் மாறுகிறது. இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. வாக்கியத்தோடு படித்தால்தான் மனத்தில் தங்கும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு கெட்டுக்கு அல்ல, ‘செட்’டுக்கு. ஆங்கிலத்தில் சிறிய வினைகள்தான் அதிகச் சுமை தூக்குகின்றன. அந்த அகராதி பொருள்களைக் கால வரிசையில் அடுக்குவதால், ஒன்றிலிருந்து ஒன்று எப்படிக் கிளைத்தது என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

எழுத்தில் கெட்டை அறவே விலக்கச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அது மிகை. பேச்சுக்கும் நண்பர் கடிதத்துக்கும் கெட்டே இயல்பானது. அங்கே ‘அப்டெய்ன்’ விறைப்பாக நிற்கும். விண்ணப்பத்திலும் ஆய்வுக் கட்டுரையிலும் ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘அரைவ்’ பொருந்தும். இம்மூன்றும் 1066இன் நார்மன் வெற்றிக்குப் பின் பிரெஞ்சு வழியே வந்தவை. அவற்றின் அரண்மனை மிடுக்கு இன்னும் போகவில்லை.

‘காட்டென்’ என்ற இறந்தகால எச்ச வடிவத்தைப் பிரிட்டன் பெரும்பாலும் கைவிட்டது. ‘ஃபர்காட்டென்’ போன்ற சில சொற்களில் அதன் வால் மிச்சம். அமெரிக்கா அதை வைத்துக்கொண்டு பொருளையும் பிரித்துக்கொண்டது: அங்கே ‘ஹேவ் காட்’ என்றால் கையில் இருக்கிறது, ‘ஹேவ் காட்டென்’ என்றால் கிடைத்துவிட்டது. இரண்டும் பிழையல்ல, ஆனால் ஒரே கட்டுரையில் இரு நாட்டு வழக்கையும் கலப்பதைத் திருத்துபவர் பிழையாகவே எண்ணுவார்.

அன்புடன்,
பெரியப்பா