மருத்துவர் எழுதியது நடந்ததா? சிறைப் பார்வையாளருக்கு ஒரு வழிகாட்டி

சிறையைப் பார்வையிட நியமிக்கப்பட்ட அலுவல்சாரா (அரசு அலுவலரல்லாத) பார்வையாளராக உள்ளே போகிறவர், சுற்றிக்காட்டும் வழியிலேயே நடந்தால் சமையற்கூடத்தில் சாம்பாரை ருசி பார்த்து, விரிப்பு மாற்றிய மருத்துவமனைக் கட்டில்களைக் கண்டு, பதிவேட்டில் ‘திருப்தி’ என்று எழுதிவிட்டு வெளியே வந்துவிடலாம். சிறைவாசிகளுக்குச் சிகிச்சை கிடைக்கிறதா என்பதற்கு அந்தச் சுற்றில் விடை இல்லை. மருத்துவர் இருக்கிறாரா என்பதைவிட, அவர் சொன்னது நடந்ததா என்பதே முக்கியம். வெளியே இருப்பவர் ஒரு ஆஸ்பத்திரி சரியில்லை என்றால் இன்னொன்றுக்குப் போவார். உள்ளே இருப்பவர் வார்டரைத் தாண்டாமல் மருத்துவரைப் பார்க்கவே முடியாது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போகுமுன் 1894-ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைப் படித்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பவரின் பெயரைப் பொறுப்பில் உள்ள காவலர் தாமதமின்றி ஜெயிலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 37-ஆம் பிரிவு. உணவு மாற்றம், வெளி மருத்துவமனைக்கு அனுப்புதல் போன்ற மருத்துவ உத்தரவுகளைச் சிறைவாசியின் ஹிஸ்டரி டிக்கெட்டிலோ (அவரைப் பற்றிய குறிப்பேடு) வேறு பதிவேட்டிலோ அன்றன்றே எழுத வேண்டும், ஒவ்வொன்றும் நிறைவேறியதா இல்லையா என்று ஜெயிலர் தேதியுடன் குறிக்க வேண்டும் என்கிறது 38-ஆம் பிரிவு. உங்களுக்கு வேண்டிய கருவி இந்தப் பதிவுதான். நாலைந்து நோயாளிகளின் சம்மதத்தோடு அவர்களுடைய டிக்கெட்டுகளை வாங்கி, ‘அரசு மருத்துவமனைக்கு அனுப்பவும்’ என்று எழுதிய தேதியையும் வாயில் பதிவேட்டில் அவர்கள் வெளியே போன தேதியையும் அருகருகே வையுங்கள். இடைவெளி இருந்தால் காரணம் கேளுங்கள். ‘வழிக்காவலுக்கு ஆள் வரவில்லை’ என்று பதில் வந்தால், என்றைக்குக் கேட்டு எழுதினார்கள், காவல்துறையின் ஆயுதப்படையிலிருந்து என்ன பதில் வந்தது என்பது வரை போங்கள். குறை மருத்துவரிடமா, காவலிலா என்பது அங்கேதான் பிரியும்.

காகிதம் மட்டும் போதாது. சிறைவாசியோடு அலுவலர் காதில் விழாத தூரத்தில் பேசுங்கள். யாரோடு பேசுவது என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். குறை சொன்னவரின் பெயரை அதிகாரியிடம் சொல்லாதீர்கள். ஐ.நா. 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 84-ஆவது விதி முன்னறிவிப்பில்லாத வருகையையும் இரகசியமான நேர்காணலையும் வலியுறுத்துகிறது. புதிதாக ரிமாண்டில் வந்தவர்களைத் தவறவிடாதீர்கள். வீட்டில் போட்டுக்கொண்டிருந்த இன்சுலினும் வலிப்பு மாத்திரையும் நின்றுபோவது முதல் சில நாட்களில்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 103-ஆம் பிரிவின்படி, மனநோயாளிகள் யாரும் சிறையில் இல்லை என்று சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். அதன் நகலைக் கேட்டு, தனிச்செல்லில் இருப்பவர்களைப் பார்த்த பிறகு படியுங்கள்.

மருத்துவம் தெரியாதவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பார்கள். நோயைக் கண்டறிவது உங்கள் வேலையல்ல. இரண்டு தேதிகளை ஒப்பிட மருத்துவப் படிப்பு வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக நடிக்கிறார்கள் என்பது இன்னொரு வாதம். சிலர் நடிக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். கதவருகே நிற்கும் காவலர் அல்ல. காவலில் மரணம் நேர்ந்தால் நடுவர் விசாரணை உண்டு, 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போகிறது, பிறகு பார்வையாளர் எதற்கு என்பதுதான் வலுவான ஆட்சேபம். ஆனால் அந்த இரண்டும் உயிர் போனபின் தொடங்குபவை. உயிர் இருக்கும்போதே சிகிச்சையில் நேரும் தாமதத்தைப் பார்க்க, சிறைத்துறையிடம் சம்பளம் வாங்காத ஒருவர் தேவை. பாதுகாப்புக் கவலை நியாயமானதே. அதற்கு வாயிலில் சோதனை உண்டு. பதிவேட்டைக் காட்ட மறுப்பதற்கு அது காரணமாகாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

பார்வையாளர் பதிவேட்டில் ‘திருப்தி’ என்றும் எழுதாதீர்கள், ‘மோசம்’ என்றும் எழுதாதீர்கள். உத்தரவின் தேதி, நிறைவேறிய தேதி, சொல்லப்பட்ட காரணம் மூன்றையும் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தென்று தோன்றினால் அன்றே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குடும்பத்தினர் தகவல் கேட்டால், உயிர் சார்ந்த தகவலைத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது, முதலில் அதே டிக்கெட்டுகளைக் கேளுங்கள்.