பின்சக்கரத்திற்கு டிஸ்க் பிரேக்: லாபம் எவ்வளவு?

டிரம் பிரேக்கைவிட டிஸ்க் பிரேக் உயர்ந்தது என்பது இன்று மாணவர் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. மோட்டார் சைக்கிள் விளம்பரங்களே அதைச் சொல்லிக் கொடுத்துவிடுகின்றன. அமெரிக்காவில் பழைய பிக்கப் வண்டி வைத்திருப்போரும் இதை நம்புகிறார்கள். முன்னால் ஓட்டுநர் அறையும் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியும் உள்ள வண்டிக்குத்தான் அங்கே பிக்கப் என்று பெயர். முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் இருப்பது அவற்றில் நெடுங்கால வழக்கம். விடுமுறை நாளில் வீட்டுக் கொட்டகையிலேயே பின் டிரம்களைக் கழற்றிவிட்டு டிஸ்க்குகளைப் பூட்டிக்கொள்வோர் பலர்.

இப்படி மாற்றினால் வண்டி முன்னைவிடக் குறைந்த தூரத்தில் நிற்குமா? என் வகுப்பில் கேட்டேன். "நிற்கும் சார்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். கணக்குப் போட்டே பார்ப்போம்.

வண்டியின் நிறை 2,000 கிலோகிராம், வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 25 மீட்டர் என்று கொள்வோம். நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் இயக்க ஆற்றல் 6,25,000 ஜூல். வண்டி நிற்க வேண்டுமானால் இவ்வளவு ஆற்றலும் பிரேக்கில் வெப்பமாக மாறியாக வேண்டும். 2 லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்கும் வெப்பம் ஏறத்தாழ இதே அளவுதான்.

ஆனால் வண்டியை நிறுத்தும் விசை பிரேக்கிலிருந்து வருவதில்லை! பிரேக் சக்கரத்தைத்தான் தடுக்கிறது. வண்டியைத் தடுப்பது டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வு. உலர்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.8 என்றால் வேக இறக்கம் நொடிக்கு நொடி 7.8 மீட்டருக்கு மேல் போகாது. நிற்கும் தூரம் சுமார் 40 மீட்டர். இந்தக் கணக்கில் டிரம் என்றோ டிஸ்க் என்றோ எங்கேனும் வந்ததா? சக்கரத்தை உருளாமல் பூட்டிவிடும் வலிமை பிரேக்குக்கு ஏற்கெனவே இருந்தால், அதற்குமேல் வலிமை சேர்ப்பதால் ஒரு மீட்டர்கூடக் குறையாது.

பின்சக்கரத்தைப் பூட்டுவதோ மிக எளிது. பஸ் திடீரென்று நிற்கும்போது நாம் முன்னால் சாய்வதுபோல, பிரேக் போட்டதும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.7 மீட்டர் உயரத்திலும், முன்பின் அச்சுகளுக்கு இடையே 3.2 மீட்டரும் இருந்தால், மேற்சொன்ன இறக்கத்தில் 350 கிலோகிராம் பாரம் பின்னிருந்து முன்னுக்குப் போகும். சரக்கில்லாத வண்டியின் பின் அச்சில் 800 கிலோகிராம் இருந்தது என்றால், மிஞ்சுவது 450. மொத்தத் தடைவிசையில் நூற்றுக்கு 22 பங்குதான் பின்சக்கரங்களின் வேலை. அதற்கு டிரம் தாராளமாகப் போதும்.

அப்படியானால் மாற்றுவது வீண் வேலையா? மலைச்சாலைக்கு வாருங்கள். கொலராடோ மாநிலத்தில் பைக்ஸ் பீக் என்று 4,302 மீட்டர் உயரமுள்ள சிகரம் இருக்கிறது. உச்சிவரை கார் போகும். இறங்கி வருவோரை கிளென் கோவ் என்னுமிடத்தில் நிறுத்தி, பிரேக்கின் வெப்பநிலையை அளந்து பார்ப்பார்கள்; மிகச் சூடாக இருந்தால் ஆறிய பிறகே மேலே விடுவார்கள். உச்சிக்கும் அந்த இடத்திற்கும் உயர வேறுபாடு சுமார் 800 மீட்டர். நம் வண்டி அதற்குள் இழக்கும் நிலை ஆற்றல் 1 கோடியே 57 லட்சம் ஜூல். அதாவது 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 25 முறை நிறுத்தியதற்குச் சமம். தாழ்ந்த கியரில் எஞ்சினே ஒரு பகுதியைத் தடுத்துக்கொள்ளும். அதை மறந்து பிரேக்கையே மிதித்து வருபவர் கதி என்ன?

டிரம் என்பது மூடிய கிண்ணம். உள்ளேயிருந்து இரண்டு ஷூக்கள் வெளிப்பக்கமாக அழுத்துகின்றன. 280 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு டிரம் 300 டிகிரி சூடேறினால் விட்டம் 0.9 மில்லிமீட்டர் பெருகும். ஷூ தேடிப் போகப் போக டிரம் விலகிப் போகிறது! லைனிங்கின் உராய்வும் சூட்டில் குறைகிறது. பெடல் இறங்கும், வண்டி நிற்காது. டிஸ்க்கோ காற்றில் திறந்து சுழல்வது; சீக்கிரம் ஆறும். சூட்டில் தடித்தாலும் பேடை நோக்கியே தடிக்கும். பாரம் ஏற்றி மலையிறங்குபவருக்கு இதுதான் உண்மையான லாபம். மழைநீரையும் டிஸ்க் உடனே உதறிவிடும்.

டிரம்முக்கும் ஒரு சாமர்த்தியம் உண்டு. ரப்பர் வைத்த பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, ரப்பர் முனை முன்னே இருக்கும்படி மேஜைமேல் தள்ளிப் பாருங்கள். ரப்பர் கவ்விக்கொண்டு துள்ளும். திருப்பி இழுத்தால் வழுக்கிவரும். முன்னோக்கிச் செல்லும் டிரம் தன் ஷூக்களில் ஒன்றையாவது இப்படியே தன்மேல் இழுத்து அழுத்திக்கொள்கிறது. டிஸ்க்குக்கு இந்த உதவி கிடையாது. எனவே காலிப்பர் பிஸ்டன் பெரிதாக இருக்க வேண்டும். பாஸ்கல் விதிப்படி, 22 மில்லிமீட்டர் பிஸ்டனுக்குப் பதில் 45 மில்லிமீட்டர் பிஸ்டன் வைத்தால் அதே அழுத்தத்தில் விசை நான்கு மடங்கு. திரவமும் கூடுதலாக வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் சிறிதானால் பெடல் தரைவரை போய்விடும். டிரம் அமைப்புகள் பலவற்றில் குழாய்க்குள் சிறிது அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும் ஒரு வால்வு உண்டு. அதை அப்படியே விட்டால் பேடுகள் டிஸ்க்கை ஓயாமல் உரசிச் சுட்டுவிடும்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு. அது டிரம்முக்காக அமைக்கப்பட்டது. புதிய டிஸ்க் வேண்டியதற்கு மேல் பிடித்தால், முன்சக்கரத்திற்கு முன்பே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். என்ன ஆகும்? ஒரு பொம்மைக் காரின் பின்சக்கரங்களை ரப்பர் வளையத்தால் கட்டி, சாய்த்த பலகையில் விடுங்கள். கார் சுழன்று பின்பக்கம் முன்னே வரும். முன்சக்கரங்களைக் கட்டினால் நேராகவே சறுக்கும். வழுக்கும் சக்கரத்திற்குப் பக்கவாட்டுப் பிடிப்பு இல்லை. உருளும் சக்கரத்திற்கு உண்டு என்பதே காரணம். மாற்ற வேலையை முடித்துவிட்டு, இந்த வால்வைப் பாராமல் நெடுஞ்சாலைக்குப் போகிறவர் அந்தப் பொம்மைக் காரில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

தயாரிப்பாளர்கள் பின்புற டிரம்மை விட நெடுநாள் தயங்கினார்கள். டொயோட்டாவின் டகோமா பிக்கப் 2023 மாடல்வரை பின்னால் டிரம்முடனே வந்தது. 2024 மாடலில்தான் டிஸ்க்குக்கு மாறியது. நிறுத்தி வைத்த வண்டியைப் பிடித்துக்கொள்ளும் கைபிரேக்குக்கு டிரம் மிகவும் ஏற்றது. ஆகையால் பின்புற டிஸ்க்குகள் பலவற்றைக் கழற்றிப் பார்த்தால், நடுவிலுள்ள தொப்பி போன்ற பகுதிக்குள் இரண்டு சின்ன ஷூக்கள் உட்கார்ந்திருக்கும்.