மெய்நிகர்க் கணிப்பொறியை விரைந்து மீட்டல்

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு)

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பழவேற்காட்டை அடுத்த எங்கள் குப்பத்தில் ஏரி நீர் வீடுகளுக்குள் புகுந்தது. மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கு இருந்த கணிப்பொறியும் நனைந்து போயிற்று. கணக்கு எழுதும் அக்கா கெட்டிக்காரர். வாரந்தோறும் பென்டிரைவில் நகல் எடுத்து, பொன்னேரியில் தம் தங்கை வீட்டில் வைத்திருந்தார். அந்த நகலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேறொரு கணிப்பொறியில் அதைச் செருகியபோது கோப்பு திறக்கவில்லை. கணக்கு மென்பொருளின் பழைய பதிப்பு நனைந்த பெட்டியோடு போய்விட்டது. அதே போன்ற பெட்டியைத் தேடி அமைத்துக் கணக்கைப் பார்க்கப் பதினொரு நாள் ஆயிற்று. என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நண்டு விற்ற காசில் கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் கதவின் பின்புறம் அவர் போட்டு வைத்திருந்த கரிக்கோடுகள்தாம் அதுவரை எங்களுக்கு ஆதாரம்.

நகல் இருந்தும் ஏன் பதினொரு நாள்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இக்கட்டுரைக்குரிய பொருளை நான் படிக்கலானேன்.

அக்கா நகலெடுத்தது கணக்கை மட்டுமே. அக்கணக்கு இயங்குவதற்கு வேண்டிய இயக்க முறைமை, மென்பொருள், அமைப்புகள் ஆகியவை நகலில் இல்லை. பொறியையே முழுதாக நகலெடுக்க முடியுமா எனில், மெய்நிகர்க் கணிப்பொறியாக இருந்தால் முடியும். ஒரே பெட்டியின் செயலியையும் நினைவகத்தையும் பகிர்ந்தளித்து, உள்ளே பல கணிப்பொறிகள் தனித்தனியே இருப்பதுபோல் இயங்கச் செய்வது ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள். இது புதிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே தன் பெரும் கணிப்பொறிகளுக்கு வி.எம்./370 என்னும் முறைமையை வெளியிட்டது. மெய்நிகர்ப் பொறிக்குத் தன் வட்டு உண்மையான வட்டாகவே தோன்றும்; வெளியிலிருந்து பார்க்கும் நமக்கோ அது ஒரு கோப்பு. கோப்பாயின் நகலெடுக்கலாம், வேறு பெட்டிக்குக் கொண்டுபோய் இயக்கலாம்.

இனி ஸ்நாப்ஷாட்டுக்கு வருவோம். அதை எடுத்த நொடியிலிருந்து பழைய வட்டுக் கோப்பில் எதுவும் எழுதப்படாது. புதிய மாற்றங்கள் யாவும் வேறொரு கோப்பில் சேரும். எதுவும் நகலாகாததால் வேலை நொடியில் முடிகிறது. பலரும் ஏமாறுவது இங்கேதான் (சென்ற பருவத் தேர்வில் நானும் தவறாகவே எழுதினேன்). ஸ்நாப்ஷாட் இருப்பது அதே வட்டில். மாற்று வலையையும் அதே தோணியில் ஏற்றிச் செல்வது போன்றது அது. எனவே, ஸ்நாப்ஷாட் அசையாமல் நிற்கும் நேரத்தில் பேக்கப் மென்பொருள் அதைப் படித்து வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இன்னொன்று: தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போதே எடுத்தால் பாதி எழுதிய வரவு அப்படியே பதிவாகிவிடும். ஆகவே எழுதுவதை ஒரு கணம் நிறுத்தச் சொல்லிவிட்டு எடுப்பது நல்லது.

முதன்முறை முழு வட்டும் நகலாகும். பிறகு மாறிய துண்டுகள் மட்டும் போதும். எந்தெந்தத் துண்டுகள் மாறின என்று ஹைப்பர்வைசரே குறித்துவைக்கும் வசதியை வி.எம்.வேர் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்தது. என் அப்பா வலை பொத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கிழிந்த கண்ணிகளை மட்டும் பின்னுவாரேயன்றி வலை முழுவதையும் பிரிக்கமாட்டார். மூல வட்டு நலமாக இருந்தால் மீட்கும்போதும் மாறிய துண்டுகளை மட்டும் திருப்பினால் போதும்.

மூல வட்டே போய்விட்டால் என்ன செய்வது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 ஜிகாபைட் வட்டை வினாடிக்கு 100 மெகாபிட் செல்லும் இணைப்பில் கொண்டுவர 40,000 வினாடி, அதாவது 11 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஒரு ஜிகாபிட் இணைப்பிலும் ஒரு மணிக்கு மேல் ஆகும். இதற்கு மாற்றாக வீம் நிறுவனம் 2010-இல் ஒரு வழி செய்தது. பேக்கப் கோப்பையே வட்டாகக் காட்டி, பொறியை அதிலிருந்தே எழுப்பிவிடுவது. பொறி எழுவதற்கு 500 ஜிகாபைட்டும் தேவையில்லை. கேட்கும் துண்டுகளை மட்டும் படித்துக்கொள்ளும். மக்கள் வேலையைத் தொடங்கிவிடலாம். மீதித் துண்டுகள் பின்னணியில் புதிய வட்டுக்கு நகரும். பேக்கப் வட்டு மெதுவானதாக இருந்தால் பொறியும் தள்ளாடித்தான் நடக்கும். ஆயினும் பதினொரு நாளோடு ஒப்பிட்டால் அது குறையாகுமா?

பல பொறிகள் விழுந்திருந்தால் எது முதலில் எழுவது என்பதும் உண்டு. எங்கள் ஏரியில் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்னும் முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை வைப்பது என்பதைக் கரையிலேயே பேசி முறை வைத்துக்கொள்வார்கள். தண்ணீரில் இறங்கிய பின் பேசினால் சண்டைதான். பெயரையும் முகவரியையும் சொல்லும் பொறி முதலில், தரவுத்தளம் அடுத்து, பயன்பாட்டு மென்பொருள் அதன் பின் என்ற முறையையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவர்களும் தவறியிருக்கிறார்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தரவுத்தளக் கோப்புறையைத் தவறுதலாக அழித்துவிட்டார். அன்றாடம் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த நகல்கள் மென்பொருள் பதிப்பு பொருந்தாமையால் எடுக்கப்படவே இல்லை. அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு சோதனைக்காக எடுத்த ஸ்நாப்ஷாட் ஒன்றுதான் காப்பாற்றியது. அதுவும் மெதுவான வட்டுகளில் இருந்ததால் நகர்த்த ஏறத்தாழ 18 மணி நேரம் பிடித்தது. நம் அக்காவைக் குறைசொல்ல யாருக்கு மனம் வரும்?

பேராசிரியர் அனுமதியுடன் எங்கள் ஆய்வகத்தில் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு மெய்நிகர்ப் பொறியை அமைத்து, குழுவின் கணக்கு மென்பொருளை அதில் நிறுவினேன். அதை அணைத்து, நகலெடுத்து, பொன்னேரித் தங்கை வீட்டுக் கணிப்பொறியில் எழுப்ப முயன்றபோது முதன்முறை எழவில்லை. அந்தக் கணிப்பொறியின் பயாஸில் மெய்நிகராக்க வசதி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. புயல் நாளில் இது தெரியவந்திருந்தால் என்ன செய்திருப்போம்? வசதியை இயக்கிய பின் பொறி எழுந்தது. அம்மாவின் தவணைகளை அக்கா ஒவ்வொன்றாக வாசிக்க, கரிக்கோடுகளோடு ஒத்துப் பார்த்தோம். எண்ணிக்கை சரியாக இருந்தது. இப்போது மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எழுப்பிப் பார்த்து, பிடித்த நேரத்தை அக்கா நோட்டில் குறிக்கிறார். சென்ற மாதம் 14 நிமிடம்.