வாடிய தொட்டிப் பனை

மதுரை, திருச்சிராப்பள்ளி போன்ற உள்நாட்டு ஊர்களில் கோடைக்காலத்தில் வெப்பம் 40 பாகை செல்சியஸுக்கு மேற்படுவதுண்டு. அந்நாள்களில் சில வாரங்கள் கவனிப்பாரின்றிக் கிடந்த தொட்டிப் பனையின் ஓலைகள் நுனியிலிருந்து கருகும். மட்டைகள் துவண்டு தொங்கும். அதனைக் காண்போர் பலர், செடி பட்டுப்போயிற்று என்று கருதித் தொட்டியைக் கவிழ்த்துவிடுவர். அஃது அவசர முடிவாதல் கூடும்.

பனையினத்தின் உடலமைப்பை அறிந்தோர் இவ்வாறு விரையார். வேம்பும் புளியும் கிளைதோறும் அரும்புடையவை. ஒரு கிளை முறிந்தால் மற்றொன்று தளிர்க்கும். தெங்கு, கமுகு போன்றவற்றிற்கோ தண்டின் உச்சியில் ஒரே குருத்துத்தான் உண்டு. அவற்றின் வயிரமும் புறத்தே அமைந்துள்ளது. இவ்வேறுபாட்டைப் பண்டைத் தமிழரும் கண்டனர். தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பிரித்துரைக்கின்றது. இக்காலத் தாவர நூலாரும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என ஒருங்கு வைப்பர். ஆகவே, பனையின் உயிர்நிலை ஓலையில் இல்லை, குருத்தில் உள்ளது.

வீட்டுத் தாழ்வாரங்களில் மிகுதியாக வளர்க்கப்படும் அரிக்கா பனையின் தாயகம் மடகாஸ்கர் தீவு. ஒரே தூரில் பல தண்டுகள் தோன்றுவது அதன் இயல்பு. வாடிய பனையின் நடுக்குருத்தை முதற்கண் மெல்லப் பற்றி இழுத்துப் பார்த்தல் வேண்டும். உறுதியாக நிற்பின் உயிர் உண்டு. அழுகிக் கையோடு வந்துவிடின் அத்தண்டு பிழைப்பது அரிது. எனினும், பக்கக் கன்றுகள் தழைக்கக்கூடும்.

அடுத்துக் காண வேண்டியது மண். உலர்ந்து இறுகிய மண் நீரை எளிதில் ஏற்பதில்லை. ஊற்றிய நீர், மண்ணுக்கும் தொட்டியின் சுவருக்கும் இடைப்பட்ட பிளவின் வழியே ஓடிவிடும். உள்ளே வேர் உலர்ந்தே இருக்கும். எனவே, தொட்டியை நீர் நிறைந்த அண்டாவில் அரைமணி நேரம் அமிழ்த்திவைத்து, பின்னர் நீர் முற்றும் வடிய விடுதல் நன்று. உப்புநீர் ஊற்றி வந்த மண்ணின்மேல் வெண்மையான படலம் காணப்படும். அதனைச் சுரண்டி நீக்கி, நன்னீரை மிகுதியாக ஊற்றினால், உப்புக் கரைந்து அடித்துளை வழியே கழியும்.

பின்னர், அனற்காற்று வீசாத நிழலில் செடியை வைத்தல் வேண்டும். வறண்ட காற்றில் சிலந்திப்பேன்கள் ஓலையின் அடிப்புறத்தே பெருகும். ஓலைகளை நீரால் கழுவினால் அவை குறையும்.

புறக்கணிப்பைப் போலவே மிகையான அன்பும் செடிக்குத் தீங்கு செய்யும். நெடுநாள் பட்டினி கிடந்தவனுக்கு விருந்து ஒவ்வாது. வேர் நொந்த செடிக்கு உரமும் அத்தகையதே. மேல்மண் இரண்டு விரற்கடை உலர்ந்த பின்னரே மீண்டும் நீர் விடுதல் வேண்டும். மண் எப்பொழுதும் சேறாயிருப்பின் வேர் அழுகும். முற்றும் காய்ந்த மட்டைகளை மட்டுமே அறுத்தல் வேண்டும். மஞ்சளித்த ஓலையில் எஞ்சிய சாம்பற்சத்தைப் பனை ஈர்த்துப் புதிய ஓலைக்கு அளிக்கும். அதனை அறுப்பது செடியின் சேமிப்பைப் பறிப்பதாகும்.

கருகிய ஓலை மீண்டும் பசுமையாவதில்லை. புதுக்குருத்து விரியச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அது விரிந்த பின்னரே சிறிதளவு உரம் இடலாம். புறத்தோற்றம் கண்டு ஒதுக்காமல், உயிர்நிலையைத் தேர்ந்து, அளவறிந்து பேணிக் காத்திருப்போர்க்கே வாடிய பனை மீண்டும் தழைக்கும்.