வேறொரு நிரலுக்குள் ஜேக்யூ

ஜேசான் வடிவிலுள்ள தரவைச் சலித்து வேறு வடிவுக்கு மாற்றும் ஜேக்யூ என்னும் சிறுமொழியை ஸ்டீபன் டோலன் 2012இல் வெளியிட்டார். கட்டளை வரிக் கருவியாகவே பலரும் அறிந்த அதன் நூலகத்தை வேறொரு நிரலுக்குள் பதித்து, பயனர் எழுதித் தரும் மாற்று விதிகளை அந்நிரலே இயக்குமாறும் செய்யலாம்.

அவ்வாறு பதிப்போர் முதலில் இடறுவது நினைவக உரிமையில்தான். சி மொழியில் எழுதப்பட்ட இந்நூலகத்தின் செயற்கூறுகளில் பெரும்பாலானவை தம்மிடம் தரப்படும் மதிப்பை நுகர்ந்துவிடுகின்றன. அழைப்பு முடிந்தபின் அம்மதிப்பு அழைத்தவருக்கு உரியதன்று என்பதால், மீண்டும் தேவைப்படுமாயின் முன்கூட்டியே நகலெடுத்துக்கொள்ள வேண்டும். இந்நகல் தரவைப் படியெடுப்பதன்று, அதைச் சுட்டுவோரின் எண்ணிக்கையை ஒன்று கூட்டுவதே; ஆகவே செலவுக்கு அஞ்சி அதைத் தவிர்ப்பது வீண்.

இதனினும் நுட்பமானது விடைகளைப் பெறும் முறை. ஜேக்யூவில் ஓர் உள்ளீட்டுக்கு விடை எதுவும் வராமலும் போகலாம், பல விடைகளும் வரலாம். எனவே செல்லாமதிப்பு என்னும் தனிவகை மதிப்பு வரும்வரை அடுத்த விடையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். செய்தி ஏதுமின்றி வரும் செல்லாமதிப்பு விடைகள் தீர்ந்தன என்றும், செய்தியுடன் வருவது பிழை என்றும் பொருள்படும். இவ்விரண்டையும் பிரித்தறியாத நிரல், பாதியில் முறிந்த மாற்றத்தை முழுமையானதாகக் கருதி அடுத்த கட்டத்துக்கு அனுப்பிவிடும். செய்தி உண்டா எனச் சோதிக்கும் செயற்கூறும் மதிப்பை நுகர்வதே. அங்கும் நகல் வேண்டும்.

எண்களிலும் கவனம் தேவை. 1.6 பதிப்பில் 9007199254740993 என்னும் எண் எதுவும் செய்யப்படாமலேயே 9007199254740992 ஆக வெளிவரும்; எண்கள் அனைத்தும் 64 பிட் மிதவைப்புள்ளி எண்களாகக் கொள்ளப்படுவதே காரணம். 2023இல் வந்த 1.7 பதிப்பு, கணக்கீட்டுக்கு உட்படாத எண்ணை வந்தபடியே காக்கிறது. ஒன்றைக் கூட்டினாலும் துல்லியம் போய்விடும். நீண்ட அடையாள எண்களைச் சரமாகவே கொண்டுசெல்வது நலம்.

விடைகளைப் பெருக்கிக்கொண்டே போகும் விதியை, நூலகத்தைப் பதித்துள்ள புரவலர் நிரல் எந்த விடைக்குப் பின்னும் நிறுத்திவிடலாம். விடையே தராமல் சுழலும் விதியிலிருந்தோ கட்டுப்பாடு திரும்புவதே இல்லை. மேலும், விதி எழுதுபவர் புரவலரின் சூழல் மாறிகளைப் படிக்க இம்மொழியே வழி தருகிறது. கடவுச்சொற்கள் பெரும்பாலும் அங்கேதான் வைக்கப்படுகின்றன. ஆகவே வெளியார் எழுதும் விதிகளை, சூழல் மாறிகள் நீக்கப்பட்டு நேர வரம்பும் நினைவக வரம்பும் இடப்பட்ட தனிச் செயல்முறையில் மட்டுமே இயக்க வேண்டும்.